காய்ந்த செம்பருத்தியில் சமையல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாலு வருடமாக எங்கள் பெரம்பூர் வீட்டு மொட்டை மாடியில் இந்தச் செடி வளர்கிறது. தை மாதம் பறித்துக் காயவைத்து, அக்கம்பக்கத்துக்கும் சொந்தக்காரர்களுக்கும் பொட்டலம் போட்டுக் கொடுப்பேன். மறுநாளிலிருந்து போன் வர ஆரம்பிக்கும். ஒருவருக்குப் பால் திரிந்திருக்கும், இன்னொருவருக்கு சர்பத் நீலமாகியிருக்கும், மூன்றாமவர் இன்னும் பொட்டலத்தையே பிரித்திருக்க மாட்டார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

இது நம் வீட்டு வாசலில் பூக்கிற செம்பருத்திதானே?

இல்லை. பாக்கெட்டில் "ஹைபிஸ்கஸ்" என்று எழுதியிருப்பதால் வருகிற குழப்பம் இது. வாசலில் பூப்பதும் ஹைபிஸ்கஸ்தான், இதுவும் ஹைபிஸ்கஸ்தான், ஆனால் செடி வேறு. சமையலுக்கு விற்கிற காய்ந்த "பூ", புளிச்சகீரை இனத்தில் சிவப்புத் தண்டு உள்ள வகையிலிருந்து வருகிறது. சிலர் ரோசெல் என்பார்கள். ஆந்திரா மெஸ்ஸில் கோங்குரா பச்சடி சாப்பிட்டிருப்பீர்கள் அல்லவா, அந்த உறவுமுறை.

இன்னொன்று: இது பூவே இல்லை. பள்ளியில் புல்லி வட்டம், அல்லி வட்டம் என்று படம் வரைந்து பாகம் குறித்தோமே, அதில் புல்லி வட்டம் இது. வெளிர் மஞ்சளில், நடுவில் கருஞ்சிவப்போடு ஒரு பூ காலையில் மலர்ந்து அன்றே வாடிவிடும். அதற்குப் பிறகுதான் விஷயம் ஆரம்பிக்கிறது. அடியில் இருக்கிற புல்லி, காயைச் சுற்றிச் சதைப்பற்றாக, ரத்தச் சிவப்பாகப் பருக்கும். அதைக் கிள்ளி வாயில் போட்டால் பச்சை மாங்காயைக் கடித்த மாதிரி ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கிற காயைத் தள்ளிவிட்டு, வெளிச்சதையை மட்டும் காயவைப்பதுதான் கடையில் கிடைப்பது.

எகிப்திலும் சூடானிலும் இதைக் கர்கடே என்கிறார்கள், செனகலில் பிசாப், மெக்சிகோவில் ஹமைக்கா, ஜமைக்காவில் சோரல். கேரளத்தில் மத்திப்புளி என்று ஒரு பெயர் உண்டு. எனக்கு அதுதான் பிடித்த பெயர், ஏனென்றால் இதற்குச் சமையலில் என்ன வேலை என்று அது நேராகச் சொல்லிவிடுகிறது. எங்கள் வீட்டில் இதற்குப் பூப்புளி என்று பெயர் வைத்துவிட்டோம். இனி அப்படியே எழுதுகிறேன். பேருக்குத்தான் பூ, சமையலில் புளி. கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான்.

அப்படியானால் வாசல் செம்பருத்தி இதழைக் காயவைத்துப் போடக்கூடாதா?

டீ போடலாம். ஒற்றை அடுக்குச் சிவப்புப் பூவின் இதழை நிழலில் உலர்த்தி வெந்நீரில் போட்டால் ஊதா நிறம் இறங்கும், எலுமிச்சை பிழிந்தால் சிவப்பாகும், குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டலாம். ஆனால் அதில் புளிப்பு கிடையாது, வழவழப்பு உண்டு. தலைக்கு அரைத்துத் தேய்க்கும்போது வருமே, அதே வழவழப்பு. ரசத்தில் அதைப் போட்டு எனக்குப் போன் செய்யாதீர்கள். அப்புறம், நர்சரியில் வாங்கிய உடனே பூக்கிற செடியில் என்ன மருந்து அடித்திருக்கிறார்களோ தெரியாது, அந்தப் பூவைச் சாப்பிட வேண்டாம்.

சென்னையில் எங்கே கிடைக்கும்?

முதல் தடவை நான் பூங்கா நகர் ராசப்ப செட்டி தெருவுக்குத்தான் போனேன். நாட்டு மருந்து என்றால் அந்தத் தெருதானே. "காய்ந்த செம்பருத்திப் பூ கொடுங்க" என்றேன். கொடுத்தார்கள், சரியாகக் கொடுத்தார்கள், நான் கேட்டதுதான் தப்பு. வீட்டுக்கு வந்து பிரித்தால் மெல்லிய இதழ்கள், காகிதம் மாதிரி. அதில் சர்பத் போட்டு, புளிக்கவில்லையே என்று இரண்டு மடங்கு போட்டு, கடைசியில் வழவழவென்று ஒரு ஊதாத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினேன்.

ஆகவே "செம்பருத்தி" என்று கேட்காதீர்கள். ரோசெல், அல்லது டீ போடுகிற புளிப்பு ஹைபிஸ்கஸ் என்று கேளுங்கள். இயற்கை அங்காடிகளிலும், உலர்பழம் விற்கிற கடைகளிலும், இணையத்திலும் தேடிப் பாருங்கள். கையில் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: ஐந்து முனையுள்ள சின்னக் கிண்ணம் சுருங்கிய மாதிரி, தோல் போலத் தடிமனாக இருக்க வேண்டும். ஒரு முனையைக் கிள்ளி நாக்கில் வையுங்கள், சந்தேகமே இருக்காது.

நல்ல சரக்கு கருஞ்சிவப்பாக, லேசாக வளைகிற பதத்தில் இருக்கும். பழுப்பேறிப்போய்த் தொட்டால் பொடியாக உதிர்ந்தால் பழையது. பாக்கெட் அடியில் பொடி நிறைய இருந்தாலும் வேண்டாம்.

கழுவ வேண்டுமா?

கண்டிப்பாக. மடிப்புகளுக்குள் மண் ஒளிந்திருக்கும். ஆனால் ஊறப்போட்டுக் கழுவினால் நிறமும் புளிப்பும் அந்தத் தண்ணீரோடு போய்விடும். வடிகட்டியில் போட்டு, குழாயடியில் காட்டி, பத்து எண்ணுவதற்குள் எடுத்துவிடுங்கள். டிகாஷன் எடுத்த பிறகு ஐந்து நிமிடம் அப்படியே தெளியவிட்டு, அடியில் இருக்கும் கொஞ்சத்தை விட்டுவிட்டு மேலோடு ஊற்றிக்கொண்டால் நறநறப்பு வராது.

எவ்வளவு பூவுக்கு எவ்வளவு தண்ணீர்?

என் கையில் ஒரு கைப்பிடி என்பது சுமார் 10 கிராம். பெரிய பூவாக இருந்தால் பதினைந்து பூ வரும். சமையலுக்கு 10 கிராமுக்கு 400 மில்லி, அதாவது இரண்டு டம்ளர். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துப் பூவைப் போட்டு மூடுங்கள். 15 நிமிடம். அவ்வளவுதான் டிகாஷன்.

பூவைப் போட்டுக் கொதிக்கவிட்டால் சீக்கிரம் இறங்குமே என்று கேட்பார்கள். இறங்கும், கூடவே துவர்ப்பும் இறங்கும். காபி டிகாஷனைக் கொதிக்கவிடுவோமா? ஜாமுக்கும் குழம்புக்கும் மட்டும் கொதிக்கலாம், அங்கே வெல்லமோ தேங்காயோ துவர்ப்பைச் சமாளித்துக்கொள்ளும். அவசரமில்லை என்றால் இரவே பச்சைத் தண்ணீரில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். சர்பத்துக்கு அதுதான் எல்லாவற்றையும்விட ருசி.

நிறம் நீலமாக, அழுக்காக மாறிவிட்டது. கெட்டுப்போய்விட்டதா?

கெடவில்லை, தண்ணீரைப் பாருங்கள். வேளச்சேரியில் சித்தி வீட்டில் ஒரு கோடை மத்தியானம் பத்துப் பேருக்கு சர்பத் போட உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் ஒயின் நிறத்தில் வருவது, அங்கே சேலைச் சாயம் கலைந்த மாதிரி மங்கிய ஊதாவாக வந்தது. சித்தி எட்டிப்பார்த்து, "இதையா குடிக்கணும்?" என்றார். அங்கே அன்று போர் தண்ணீர். கெட்டில் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அரை எலுமிச்சை பிழிந்தேன். பிழிந்த இடத்திலிருந்து சிவப்பு நூல் நூலாக ஓடி, ஒரு கலக்கில் பாத்திரம் முழுக்கப் பளிச்சென்று ஆகிவிட்டது. சித்தி இரண்டு டம்ளர் குடித்தார்.

விஷயம் இதுதான். இந்தச் சிவப்புக்குக் காரணம் ஆந்தோசயனின் என்கிற சாயம். நாவல்பழத்தில், கறுப்புத் திராட்சையில், முட்டைக்கோஸின் ஊதா வகையில் இருப்பதும் அந்த இனம்தான். புளிப்பில் அது சிவப்பு, காரத்தன்மையில் ஊதா, நீலம், இன்னும் போனால் பச்சை. காரம் என்றால் மிளகாய்க் காரம் அல்ல, ஆப்ப சோடாவில் இருக்கிற காரம். போர் தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகள் பூவின் புளிப்பைக் கொஞ்சம் தின்றுவிடுகின்றன, நிறம் மங்குகிறது. கேன் தண்ணீரில் போட்டால் பிரச்சினை வராது. ஆப்ப சோடா சேர்த்த கேக், போண்டா மாவு எதிலும் பூப்புளியை நிறத்துக்காகப் போடாதீர்கள், சிமெண்ட் நிறத்தில் வரும். ஒருமுறை பிறந்தநாள் கேக்கில் அந்தத் தப்பைச் செய்தேன். புகைப்படங்கள் இன்னும் குடும்ப வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன.

எந்தப் பாத்திரம்?

எவர்சில்வர், மண் சட்டி, பீங்கான், கண்ணாடி. அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் வேண்டாம், புளிப்பு அவற்றை அரிக்கும். இரும்பு வாணலியில் நிறம் கறுத்துவிடும். புளிக்கு என்னென்ன பார்ப்பீர்களோ அதெல்லாம் இதற்கும்.

புளி போடுகிற எல்லாவற்றிலும் இதைப் போடலாமா?

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். சாம்பாரில் போட்டேன், வற்றல் குழம்பில் போட்டேன், புளியோதரை கூடக் கிண்டினேன். மூன்றும் வேண்டாம். புளிக்குச் சதை உண்டு, கரைத்தால் கெட்டியாக வரும், குழம்புக்கு உடம்பு கொடுக்கும். பூப்புளியின் டிகாஷன் தண்ணீராகத்தான் இருக்கும். புளிப்பும் வேறு ஜாதி: புளியின் புளிப்பு தொண்டைக்குள் இறங்கி உட்காரும், இது நாக்கு நுனியில் சுருக்கென்று குத்திவிட்டுப் போய்விடும். அதனால் எலுமிச்சை, மாங்காய், தக்காளி, குடம்புளி போடுகிற இடங்களில் இது பொருந்தும். ரசம், மீன் குழம்பு, துவையல், தொக்கு, தயிர்ப் பச்சடி. புளியோதரைக்குப் புளிதான்.

இன்னொரு பழைய விதி இங்கேயும் செல்லும்: பருப்பு வெந்த பிறகுதான் டிகாஷன். முன்னாலேயே ஊற்றினால் எத்தனை விசில் விட்டாலும் பருப்பு மசியாது.

ரசம் எப்படி வைப்பது?

நாலு பேருக்குச் சொல்கிறேன். ஒரு கைப்பிடி பூவுக்கு இரண்டு டம்ளர் டிகாஷன் எடுத்து வடிகட்டி வையுங்கள். மிளகு, சீரகம் தலா ஒரு தேக்கரண்டி, நாலு பல் பூண்டு, ஒரு காய்ந்த மிளகாய் எல்லாவற்றையும் கொரகொரவென்று இடித்துக்கொள்ளுங்கள். டிகாஷனில் உப்பு, பெருங்காயம், இடித்த பொடி, நெல்லிக்காய் அளவு வெல்லம் போட்டு மிதமான தீயில் வையுங்கள். வெல்லத்தை விட்டுவிடாதீர்கள், அது இனிப்புக்கு அல்ல, துவர்ப்பை மழுக்க. பூண்டு வாசம் மாறியதும் அரை டம்ளர் கரைத்த துவரம்பருப்புத் தண்ணீர். ஓரத்தில் நுரை கட்டி எழும்பும்போது இறக்கி, நெய்யில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, கொத்தமல்லி கிள்ளிப்போட்டு மூடிவிடுங்கள்.

மஞ்சள்தூள் சேர்ப்பதா வேண்டாமா என்று எங்கள் வீட்டில் இன்னும் சண்டை. பருப்பில் மஞ்சள் போட்டு வேகவைத்தால் ரசம் செங்கல் நிறத்தில் வரும், பழக்கப்பட்ட ரசம் மாதிரியே இருக்கும். மஞ்சள் இல்லாமல் வைத்தால் மாதுளை நிறம். விருந்தாளி வந்தால் நான் மஞ்சளை விட்டுவிடுவேன். ஆனால் அந்த நிறத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்ததும் மாமனார் ஒரு கணம் இலையையே பார்த்துக்கொண்டு இருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டம்ளரில் ஊற்றிக் குடிக்கக் கொடுப்பது நல்லது.

டிகாஷன் எடுத்த பூவைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

தேநீர்ப் பையைப் போடுகிற மாதிரி போட்டுவிடுகிறார்கள், எனக்கு வயிறு எரியும். உப்புச் சமையலுக்கு உண்மையில் அந்தச் சக்கைதான் சரக்கு. புளிப்பு பாதி போயிருக்கும், கடிக்க மெத்தென்று, கொஞ்சம் காளான் மாதிரி, கொஞ்சம் வற்றல் மாதிரி இருக்கும். மெக்சிகோவில் இந்தச் சக்கையை வெங்காயத்தோடு வதக்கிச் சோள ரொட்டியில் மடித்துச் சாப்பிடுவது சாதாரண வழக்கம்.

நம் வீட்டில் இப்படிச் செய்யலாம். இரண்டு பெரிய வெங்காயத்தை நீளமாக நறுக்கி எண்ணெயில் பொன்னிறமாகும்வரை பொறுமையாக வதக்குங்கள். சக்கையைப் பிழிந்து, கத்தியால் நாலாக வெட்டிப் போடுங்கள். மிளகாய்த்தூள், சீரகத்தூள், உப்பு, துளி சர்க்கரை. ஐந்தாறு நிமிடத்தில் ஓரங்கள் முறுக ஆரம்பிக்கும், அதுதான் பதம். சப்பாத்தியில் சுருட்டலாம், தோசை நடுவில் வைக்கலாம். தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டால் ஊறுகாயைத் தேட மாட்டீர்கள்.

அசைவம் உண்டென்றால் வெங்காயத்தோடு வதக்கிய அந்தச் சக்கையிலேயே ஒரு பிடி சென்னாக்கூனியை (காய்ந்த பொடி இறால்) வறுத்துச் சேருங்கள். இது என் கண்டுபிடிப்பு இல்லை. பர்மாவில் புளிச்சகீரையைச் சின்பவுங் என்பார்கள், அதை இறாலோடு வதக்குவது அங்கே அன்றாடச் சாப்பாடு. பாரிமுனைப் பக்கம் பர்மா பஜாரை ஒட்டி அத்தோ என்கிற பர்மிய நூடுல்ஸ் சாப்பிட்டு வளர்ந்த ஊர் இது, அங்கேயிருந்து ஒரு யோசனையைக் கடன் வாங்கினால் தப்பில்லை.

துவையலுக்கு: இரண்டு மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பு, ஐந்து காய்ந்த மிளகாய், ஒரு மேசைக்கரண்டி எள், நாலு பல் பூண்டு, எல்லாம் நல்லெண்ணெயில் வறுத்து, ஒரு கைப்பிடிப் பூவின் சக்கையோடு அரையுங்கள். சக்கையில் மட்டும் புளிப்பு போதாது. புதிதாக நாலு பூவை ஊறவைத்து அதோடு சேர்த்துவிடுங்கள்.

மீன் குழம்பு?

மத்திப்புளி என்ற பெயரைச் சும்மாவா வைத்தார்கள்? மத்தி (சாளை என்பதும் இதுதான்), அயிலை போன்ற நெய்ப்பசை உள்ள மீனுக்கு இந்தச் சுருக்குப் புளிப்பு அப்படிப் பொருந்தும். வஞ்சிரத்துக்கு நான் போடுவதில்லை, காசு கொடுத்து வாங்கிய ருசி அமுங்கிப் போகிறது.

அரை கிலோ மத்திக்குப் பதினைந்து பூ. கழுவிக் கையாலேயே இரண்டாகப் பிய்த்து வையுங்கள். மண் சட்டியில் தேங்காய் எண்ணெய், வெந்தயம் கால் தேக்கரண்டி, சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கி, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் போட்டுத் தண்ணீர் ஊற்றி, பிய்த்த பூவை அப்படியே போடுங்கள். பத்து நிமிடம் கொதித்ததும் அரை மூடித் தேங்காய் அரைத்த விழுது, அது ஒரு கொதி வந்ததும் மீன். ஏழெட்டு நிமிடம், சட்டியைத் தூக்கி ஒரு சுழற்று, கரண்டி போடாதீர்கள். மறுநாள் காலை இட்லிக்கு எடுத்து வைத்தால் இன்னும் நன்றாக இருக்கும். பூவும் மெத்தென்று ஆகியிருக்கும், அதையும் சாப்பிட வேண்டியதுதான்.

ஊறுகாய் மாதிரி வைத்துக்கொள்ள ஏதாவது?

தொக்கு. 50 கிராம் பூவை ஒரு டம்ளர் வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரோடேயே அரையுங்கள். 100 மில்லி நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம், அப்புறம் விழுது, இரண்டு மேசைக்கரண்டி மிளகாய்த்தூள், உப்பு, 50 கிராம் வெல்லம். எண்ணெய் பிரிகிறவரை கிளறி, வறுத்துப் பொடித்த வெந்தயம் அரைத் தேக்கரண்டி தூவி இறக்குங்கள். ஈரம் படாமல் ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு மாதம் தாங்கும். எங்கள் வீட்டில் பத்து நாளைத் தாண்டியதில்லை.

இனிப்பில் முதலில் எதைச் செய்து பார்க்கலாம்?

கேசரி. கலர் பொடி இல்லாமல் நிறம் வரும், தப்பு நடக்க வாய்ப்பும் குறைவு. அன்னாசி கேசரி சாப்பிட்டிருக்கிறீர்கள் அல்லவா, அந்த இனிப்புப் புளிப்புதான்.

ஒரு கப் ரவைக்கு இரண்டரை கப் டிகாஷன், ஒன்றேகால் கப் சர்க்கரை. டிகாஷன் எடுக்கும்போது ஒரே ஒரு கிராம்பைச் சேர்த்துப் போடுங்கள். ரவையை நெய்யில் நிறம் மாறாமல் வறுத்து எடுத்து வைத்து, டிகாஷனைக் கொதிக்கவிட்டு, ஒரு சிட்டிகை உப்பு போட்டு, ரவையைத் தூவிக் கிளறுங்கள். ரவை விழுந்ததும் நிறம் சட்டென்று வெளிறும். பயந்து எதையும் சேர்க்காதீர்கள். ரவை வெந்து சர்க்கரை போட்டதும் இளகி, நெய் ஊற்றக் கண்ணாடிப் பளபளப்போடு நிறம் திரும்பிவரும். கல்யாண வீட்டுக் கேசரியின் ஆரஞ்சு அல்ல, பன்னீர் ரோஜாவின் நிறம். ஏலக்காய் போட வேண்டாம் என்பது என் கட்சி. அது வந்தால் வழக்கமான கேசரி வாசம் வந்துவிடும், பூப்புளி எங்கே போயிற்று என்று தேட வேண்டும்.

ரோஸ்மில்க் மாதிரி செய்யப்போனேன், பால் திரிந்துவிட்டது.

திரியாமல் என்ன செய்யும்? பாலில் எலுமிச்சை பிழிந்த மாதிரிதான். பாலின் பி.ஹெச். (புளிப்பைக் காட்டும் அளவு, எண் இறங்க இறங்கப் புளிப்பு கூடும்) 4.6 பக்கம் இறங்கினால் அதன் புரதம் கட்டிக்கொண்டுவிடும். சூடான பாலில் அதற்கு முன்னாலேயே திரியும். மயிலாப்பூர் மாட வீதி ரோஸ்மில்க் ஆசையை இதில் தீர்த்துக்கொள்ள முடியாது.

பாலும் நிறமும் சேர்ந்தே வேண்டும் என்றால் இரண்டு வழி. ஒன்று, சிரப்பை (அடுத்த பதிலின் கடைசியில் வருகிறது) கெட்டியாகக் காய்ச்சி, வெனிலா ஐஸ்கிரீம் மேல் ஊற்றி உடனே சாப்பிடுவது. இன்னொன்று, ஜவ்வரிசியைத் தண்ணீரில் கண்ணாடியாக வேகவைத்து வடித்து, டிகாஷனும் சர்க்கரையும் சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்துக் குளிரவையுங்கள். பரிமாறும்போது மேலே இரண்டு கரண்டி கெட்டித் தேங்காய்ப்பால். கலக்காமல் ஸ்பூனால் வெட்டிச் சாப்பிட வேண்டும். தயிரோடு பிரச்சினையே இல்லை, அது ஏற்கெனவே புளித்ததுதானே. சிரப் ஊற்றிய கெட்டித்தயிர் என் பெண்ணுக்குத் தினமும் வேண்டும்.

ஜாம் போட முடியுமா?

முடியும். 50 கிராம் பூவை முக்கால் லிட்டர் தண்ணீரில் 15 நிமிடம் கொதிக்கவிட்டு, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, பாதியை அரைத்து மீதியை நறுக்கிப் போடுங்கள். 300 கிராம் சர்க்கரை. பூவிலேயே கொஞ்சம் பெக்டின் உண்டு, ஆனாலும் நன்றாக உறைய ஒரு ஆப்பிளைத் துருவிச் சேர்ப்பேன். விநாயகர் சதுர்த்தி சமயம் விளாம்பழம் கிடைத்தால் அரைப் பழத்தின் சதை போதும், அதில் பெக்டின் ஏராளம், வாசமும் நன்றாகச் சேரும். ஃப்ரிட்ஜில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் கோடு இழுங்கள். கோடு மூடாமல் நின்றால் இறக்கிவிடலாம்.

சக்கையைச் சம அளவு சர்க்கரைப் பாகில் இருபது நிமிடம் மெல்லிய தீயில் விட்டு, எடுத்துத் தட்டில் இரண்டு நாள் காயவைத்தால் டூட்டி ஃப்ரூட்டி மாதிரி ஆகும். கேசரி மேல் தூவலாம். மிஞ்சின பாகுதான் சிரப்.

வெயிலுக்கு என்ன குடிக்கலாம்?

இரவு ஊறவைத்த டிகாஷனில் சர்க்கரை, ஊறிய சப்ஜா விதை, ஐஸ். நன்னாரி சிரப் வீட்டில் இருந்தால் சர்க்கரைக்குப் பதில் அதையே ஊற்றுங்கள், எலுமிச்சை வேண்டாம். பானகமும் செய்யலாம்: வெல்லம், சுக்கு, ஏலக்காய், புளிப்புக்குப் பூப்புளி. வெல்லம் நிறத்தை மங்கடித்துவிடும், ருசி மங்காது.

மாங்காய்க்குத் தொட்டுக்கொள்ளும் பொடி என்கிறார்களே?

ஈரமில்லாத பூ ஒரு கைப்பிடி, கல்லுப்பு இரண்டு தேக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, மிக்சியில் ஒரு சுற்று. மாங்காய், கொய்யா, வெள்ளரி, எல்லாவற்றுக்கும். மெரினாவில் வாங்குகிற தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டலின் மேல் இதைத் தூவிச் சாப்பிட்டவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன், இருந்தாலும் சொல்கிறேன்.

எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

காற்றுப் புகாத கண்ணாடி ஜாடியில், வெளிச்சம் படாத இடத்தில், ஒரு வருடம். எதிரி சென்னையின் ஈரக்காற்றுதான். ஒரு ஐப்பசி மழையில் பிளாஸ்டிக் டப்பாவின் மூடி சரியாகப் பொருந்தாமல் விட்டு, கார்த்திகையில் திறந்தால் மேலே வெள்ளைப் பூஞ்சை. அப்படி ஆனால் முழுதையும் கொட்டிவிடுங்கள், மேலோடு எடுத்துவிட்டுப் பயன்படுத்துகிற வேலை வேண்டாம். மழைக்காலத்துக்கு மட்டும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவது என் வழக்கம்.

மாடியில் வளர்க்கலாமா?

ஆடிப் பட்டத்தில் விதையுங்கள். பெரிய பையாக இருக்கட்டும், ஆள் உயரம் வளரும். புரட்டாசி வரை பூக்கவில்லையே என்று கவலை வேண்டாம், பகல் குறுகினால்தான் இது பூக்கும். அதுவரை இலையைப் பறித்துக் கடையல் செய்யலாம். பூ வாடிய இரண்டு மூன்று வாரத்தில் புல்லி பருத்துவிடும், முற்றவிடாமல் பறித்துவிடுங்கள். மாவுப்பூச்சி வரும், தினம் இலையைத் திருப்பிப் பாருங்கள். பத்து கிலோ பச்சையைக் காயவைத்தால் ஒரு கிலோ அளவுக்குத்தான் நிற்கும், அதனால் இரண்டு செடியை வைத்துக்கொண்டு பெரிய கணக்குப் போடாதீர்கள்.

பிரஷருக்கு நல்லதாமே?

ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிறது என்று ஆய்வுகள் உண்டு. அதனாலேயே ஏற்கெனவே பிரஷர் மாத்திரையோ சர்க்கரை மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள் டம்ளர் டம்ளராகக் குடிக்கும்முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் தவிர்த்துவிடுவது நல்லது. மாத்திரைக்குப் பதிலாக இதைக் குடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் பொட்டலம் கொடுப்பதில்லை.

ஹைபிஸ்கஸ் டீ பை வைத்து ரசம், கேசரி செய்யலாமா?

டிகாஷன் மட்டும் வேண்டுமென்றால் செய்யலாம். அட்டையைத் திருப்பி, வேறு என்னென்ன கலந்திருக்கிறது என்று பாருங்கள். எலுமிச்சைப்புல் கலந்த டீ பையில் ரசம் வைத்தால் ஏதோ சோப்பு வாசம் மாதிரி இருக்கும்.

வேட்டியில் கொட்டிவிட்டது. சோப்புப் போட்டதும் கறை பச்சையாகிவிட்டது!

மேலே சொன்ன அதே சாயம், அதே விளையாட்டு. சோப்பு காரம். முதலில் சோப்பே போடாமல் பச்சைத் தண்ணீரைக் கறையின் பின்பக்கமிருந்து ஓடவிட்டு, அப்புறம் கொஞ்சம் வினிகர் தேய்த்து அலசி, கடைசியில் சோப்பு. காய்ந்துபோன கறை என்றால், அந்த வேட்டியை வீட்டில் கட்டிக்கொள்ளுங்கள்.